சிறகைப் படித்த மருத்துவர்
எஃப். சி. பிரேசரின் வாழ்வும் பணியும்

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது நம் சிற்றூர்களில் வழிவழியாக வரும் நம்பிக்கை. அதன் வாலில் நூலைக் கட்டிப் பறக்கவிட்டு மகிழாத சிறுவர் சிலரே. குளத்தங்கரையிலும் வயல் வரப்பிலும் நாம் காணும் இந்தச் சிற்றுயிர், பறவைகள் தோன்றுவதற்கு முன்பே, பூ என்ற ஒன்று உலகில் மலர்வதற்கு முன்பே வானில் பறந்த ஒரு குலத்தின் வழித்தோன்றல் என்பதை அறிந்தவர் குறைவு. அந்தக் குலத்தின் வரலாற்றைச் சிறகுகளைக் கொண்டே எழுத முயன்ற அறிஞருள் ஒருவர், தம் பயிற்சியைப் பெற்றது பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கும் தெற்கும் உள்ள நம் மலைகளின் கானாறுகளில். அவர் பெயர் பிரெடெரிக் சார்லஸ் பிரேசர். தொழிலால் மருத்துவர், பதவியால் படை அதிகாரி, விருப்பத்தால் தட்டான் ஆராய்ச்சியாளர். உத்தியோகத்தில் அவர் பெற்ற சிறப்பை இன்று நினைப்பார் இல்லை. ஓய்வு நேரத்தில் செய்த ஆராய்ச்சியோ உலகெங்கும் அவர் பெயரை நிலைநிறுத்தியிருக்கிறது.

கல்லில் பதிந்த குலம்

பிரேசரின் பணியை அறிய வேண்டுமானால், அவருக்கு முன் அத்துறை இருந்த நிலையை முதலில் காண வேண்டும்.

நிலநூல் வல்லார் பூமியின் பழங்கதையை ஊழிகளாகப் பிரித்துக் கூறுவர். அவற்றுள் தொல்லுயிரூழி என்பது ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அதன் இறுதிப் பகுதிகளே நிலக்கரிக் காலமும் அதை அடுத்த பெர்மியன் காலமும் ஆகும். பிரான்சு நாட்டில் கொமாந்திரி என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாறைத் தகடுகளுக்கு இடையே பூச்சிகளின் படிவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. சார்லஸ் புரோன்யார் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்றுக்கு 1885இல் மெகநியூரா என்று பெயரிட்டார். தட்டானை ஒத்த அந்தப் பூச்சியின் சிறகை விரித்தால் 65 சென்டிமீட்டருக்குக் குறையாது; நம் அளவில் இரண்டடிக்கு மேல். காக்கையளவு சிறகு படைத்த அப்பூச்சி ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. புரோன்யார் 1899இல், நாற்பது வயதளவில், இறந்துவிட்டார். அவருக்குப் பின் ஆஸ்திரிய நாட்டு ஆண்டன் ஹாண்ட்லிர்ஷ், உலகில் அதுவரை கிடைத்திருந்த பூச்சிப் படிவங்களையெல்லாம் தொகுத்து, 1906 முதல் 1908 வரை ஒரு பெருநூலாக வெளியிட்டார்.

இப்படிவங்களில் பெரும்பாலும் எஞ்சியிருப்பது சிறகு ஒன்றே. பூச்சி இறந்தவுடன் தலையும் மார்பும் வயிறும் அழுகிப்போகும்; அல்லது பிற உயிர்களுக்கு இரையாகும். சிறகில் சதை இல்லை. உலர்ந்த மெல்லிய தகடும் அதைத் தாங்கும் நரம்புகளுமே உண்டு. ஆகவே அது அழுகாமல் சேற்றில் படிந்து, சேறு கல்லாகும்போது தன் அச்சை அதில் பதித்துவிடுகிறது. அத்தகைய கல்லைப் பிளந்தால், அச்சு ஒரு பாதியிலும் எதிரச்சு மறு பாதியிலும் இருக்கும். ஒன்றில் மேடாகத் தோன்றும் நரம்பு மற்றதில் பள்ளமாகத் தோன்றும். கண் இல்லை, வாய் இல்லை, கால் இல்லை. நரம்புக் கோலம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இது எந்தக் குலம், யாருக்கு உறவு என்று கூற வேண்டும். கைரேகையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் வேலை போன்றது இது. அதுவும் அந்த ஆள் இறந்து முப்பது கோடி ஆண்டுகள் ஆன பிறகு!

இறந்துபோனவற்றின் சிறகைப் படிக்க வேண்டுமானால், உயிரோடு இருப்பவற்றின் சிறகு நன்கு தெரிந்திருக்க வேண்டும். எந்த நரம்பு எந்த இனத்திலும் மாறாது, எது இனத்துக்கு இனம் மாறும், எது ஒரே இனத்திலும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை ஆயிரக்கணக்கான உயிர்ச் சிறகுகளைப் பார்த்தவரே கூற முடியும். பிரேசர் அத்தகையவர்.

மருத்துவர் மலையேறினார்

பிரேசர் 1880ஆம் ஆண்டு இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஊல்விச் என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவம் கற்று, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, நம் நாட்டுக்கு வந்தார். அப்பணியில் லெப்டினன்ட் கர்னல் என்னும் நிலைவரை உயர்ந்தார். அந்நாளில் இந்தியாவுக்கு வந்த ஆங்கில அதிகாரிகள் பலர் ஓய்வு நேரத்தை வேட்டையிலும் பந்தாட்டத்திலும் கழித்தனர். சிலர் மட்டும் பறவை, பாம்பு, வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றை ஆராய்ந்தனர். அந்தச் சிலருள்ளும் தட்டானை நாடியவர் மிகச் சிலர். அதற்குக் காரணம் உண்டு. வண்ணத்துப்பூச்சியைக் குத்தி வைத்தால் அதன் நிறம் பல்லாண்டு மங்காமல் இருக்கும். தட்டானோ இறந்த சிறிது நேரத்திலேயே நிறம் கெடத் தொடங்கும். நீலமும் பச்சையும் கருத்துப்போகும். அழகுக்காகத் திரட்டுவோருக்கு அதில் பயன் இல்லை. உயிரோடு இருக்கும்போதே நிறத்தைக் கண்டு குறித்துக்கொள்ளும் பொறுமையுள்ளவருக்கே அது ஏற்ற துறை.

அப்பொறுமை பிரேசரிடம் இருந்தது. 1918 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்தியத் தட்டான்களைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய கட்டுரைத் தொடர், பல ஆண்டுகள் நீண்டது. அவர் மனத்தைக் கவர்ந்தவை தென்னாட்டின் மலைகளே. குடகு, நீலகிரி, ஆனைமலை, திருவிதாங்கூர் மலைகள் ஆகியவற்றின் தட்டான்களைத் தேடித் திரட்டுவதில் அவர் பல ஆண்டுகள் செலவிட்டார்.

இங்கே அந்நாளைய நாட்டுப் படத்தை நினைவில் கொள்வது நல்லது. இன்று பாலக்காடு, இடுக்கி என்று நாம் கூறும் மாவட்டங்கள் அன்று இல்லை. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. பரம்பிக்குளமும் நெல்லியாம்பதியும் கொச்சி அரசைச் சேர்ந்தவை. மூணாறும் அதைச் சூழ்ந்த மலைகளும் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தவை. ஆனைமலையின் கிழக்குச் சரிவு கோயம்புத்தூர் ஜில்லாவுக்கு உரியது. கேரள மாநிலம் 1956இல் அமைந்தது. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல். மனிதர் வகுத்த எல்லைகள் எதுவும் தட்டானுக்குத் தெரியாது. அது மதிக்கும் எல்லை ஒன்றே: ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய். குளிர்ந்த கானாறுகளில் மட்டுமே வாழக்கூடிய இனங்களுக்கு அந்தத் தாழ்ந்த வெப்ப வெளி ஒரு கடலைப் போன்றது. அதனால் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பகுதியில் உள்ள சில இனங்களைத் தெற்கே ஆனைமலையில் காண முடியாது. தெற்கே உள்ளவற்றிலும் சில வடக்கே இல்லை.

இந்த மலைகளின் பாறைகளில் தொல்லுயிரூழியின் பூச்சிப் படிவத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆனைமலையும் நீலகிரியும் சார்னோக்கைட், நைஸ் ஆகிய மிகப் பழைய பாறைகளால் ஆனவை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கற்கள் அவை. பூச்சி தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னரே அவை இறுகிவிட்டன. அம்மலைகள் நமக்குத் தருவது கல்லில் பதிந்த சிறகை அன்று, காட்டில் பறக்கும் சிறகை.

பெயர்களில் எழுதிய நாட்டுப்படம்

பிரேசருக்கு முன்னரே இப்பகுதியில் சிலர் தட்டான் திரட்டியிருந்தனர். கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிச் சாலையில் பணியாற்றிய கிரேவ்லி 1914 செப்டம்பரில் பரம்பிக்குளம் காடுகளில் பல உயிர்களைத் திரட்டினார். இவரே பின்னாளில் சென்னைப் பொருட்காட்சிச் சாலையின் தலைவராக இருந்தவர். தட்டான் ஆராய்ச்சியில் வல்லவரும், பிரேசரைப் போலவே மருத்துவருமான லெயிட்லா, 1915இல் ஓர் ஊசித்தட்டானுக்குக் கிரேவ்லியின் பெயரைச் சூட்டினார்.

பிரேசர் இப்பணியைப் பலமடங்கு பெருக்கினார். 1922இல் அவர் அமைத்த புதிய பேரினங்களுள் எஸ்மி, பில்லோநியூரா, மெலனோநியூரா ஆகிய மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. 1924இல் இந்தியப் பொருட்காட்சிச் சாலையின் வெளியீட்டில் மேற்கு இந்தியத் தட்டான்களைப் பற்றி நூறு பக்கம் கொண்ட ஓர் ஆய்வை எழுதினார். அந்த ஒன்றில் மட்டும் 30 புதிய இனங்களை விவரித்தார். 1931இல் எழுதிய தொடர்ச்சியில் மேலும் 9 புதிய இனங்கள் இடம்பெற்றன. அவர் சூட்டிய பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் தென்னாட்டு மலைகளின் படமே கண்முன் வரும். ஒன்றுக்கு நீலகிரியின் பெயர், ஒன்றுக்கு மலபாரின் பெயர், ஒன்றுக்குக் குடகின் பெயர், ஒன்றுக்குத் திருவிதாங்கூரின் பெயர், ஒன்றுக்கு ஆனைமலையின் பெயர். நம் மலைப்பெயர்கள் இலத்தீன் ஈறு பெற்று உலக விஞ்ஞானத்தில் ஏறின.

இவற்றைத் தேடுவது எளிய வேலை அன்று. ஊசித்தட்டான்களில் மிக மெலிந்த வகைகள், வெயில் நுழையாத காட்டில், நீர் கசியும் பாறைக்கருகே தொங்கும் கொடிகளில் அசையாமல் அமர்ந்திருக்கும். பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படா. மாக்ரோமியா என்னும் பெருந்தட்டான்களோ ஓடைமேல் அம்பெனப் பாயும். வலையை ஓங்குமுன் வளைவு கடந்து மறைந்துவிடும். இடியோனிக்ஸ் வகை நிழலிலும் அந்தி மங்கலிலும் பறக்கும். பல இனங்கள் மழைக்காலத்தை ஒட்டியே வெளிவரும். அட்டை மொய்க்கும் காட்டில், வழுக்கும் பாறைமேல், கொட்டும் மழையில் நின்றால்தான் அவற்றைக் காணலாம்.

தட்டானின் இளமை முழுவதும் நீருக்குள் கழிகிறது. சில இனங்களின் இளம்புழு மணலில் புதைந்து வாழும். சிலவற்றின் புழு நீண்ட கால்களோடு சிலந்தியைப் போல உதிர்ந்த இலைகளிடையே பதுங்கியிருக்கும். இவற்றையும் பிரேசர் ஆராய்ந்தார். சிறகு மட்டுமே அவர் கருத்தில் இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. முழு வாழ்வும் அறிந்தவராதலின் சிறகில் எது முக்கியம் என்று அவரால் காண முடிந்தது.

பணியிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்தில் போர்ன்மவுத் என்னும் கடற்கரை நகரில் வாழ்ந்தார். இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் தட்டான்கள் அனைத்தையும் விவரிக்கும் அவருடைய பெருநூல் 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும், தென்னிந்தியத் தட்டானைப் பற்றி ஆராயப் புகும் மாணவர் இன்றும் முதலில் புரட்டுவது அந்நூலையே.

சிறகின் இலக்கணம்

இந்நூலோடு பிரேசர் நின்றிருந்தால் அவரைச் சிறந்த பட்டியலாசிரியர் என்று கூறி முடித்துவிடலாம். ஆனால் அவர் மனத்தை மற்றொரு கேள்வி பற்றியிருந்தது. இத்தனை வகைச் சிறகுகளும் எதிலிருந்து வந்தன? மெகநியூராவுக்கும் மூணாற்றுத் தட்டானுக்கும் என்ன உறவு?

ஒரு தட்டானின் சிறகைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன் விளிம்பின் நடுவில் ஒரு கணு தெரியும். பறக்கும்போது சிறகு முறுக்கிக்கொடுப்பது அந்த இடத்தில்தான். நுனிக்குச் சற்று முன்னே நிறமுடைய சிறு பொட்டு இருக்கும். அதன் எடை, சிறகு படபடத்து நிலைகுலையாமல் காக்கும். அடிப்பகுதியில் சில குறுக்கு நரம்புகள் சேர்ந்து பெருந்தட்டானில் ஒரு முக்கோணத்தையும், ஊசித்தட்டானில் ஒரு நாற்கோணத்தையும் அமைத்திருக்கும். சிறகு தட்டையானதும் அன்று. விசிறி மடிப்பைப் போல ஒரு நரம்பு மேட்டிலும் அடுத்தது பள்ளத்திலுமாக மாறி மாறி ஓடும். மெல்லிய தகட்டுக்கு வலிமை தருவது இந்த மடிப்பே.

மெகநியூராவின் சிறகில் இந்தக் கணு இல்லை, பொட்டும் இல்லை. ஆகவே அதை உண்மைத் தட்டான்களோடு சேர்க்காமல், அவற்றுக்கு உறவான தனிக் குலமாக வைத்தனர். ஆனால் பெர்மியன் காலத்துப் பாறைகளில் கிடைத்த சில சிறிய சிறகுகளில், இன்றைய ஊசித்தட்டானை நினைவூட்டும் அமைப்புத் தோன்றியது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் எல்மோ என்னும் இடத்தில் கிடைத்த அச்சிறகுகளுள் ஒன்றுக்கு 1925இல் கென்னடியா என்று பெயரிட்டவர் ராபின் ஜான் டில்யார்டு.

டில்யார்டின் கதையும் சுவையானது. 1881இல் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கணிதம் கற்று, ஆஸ்திரேலியாவுக்குச் சென்று சிட்னியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். தட்டான்மீது கொண்ட ஆர்வத்தால் வேலையை விட்டு ஆராய்ச்சி மாணவரானார். 1914இல் ரயில் விபத்தில் படுகாயமுற்றும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1917இல் தட்டானின் உயிரியல் பற்றி அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. 1925இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

அக்காலத்தில் சிறகு நரம்புகளுக்குப் பெயரிடுவதில் பெரிய வழக்கு ஒன்று இருந்தது. இளம்புழுவின் சிறகு மொட்டில் காற்றுக்குழாய்கள் எப்படி ஓடுகின்றனவோ, அவ்வாறே நரம்பின் பிறப்பையும் கொள்ள வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் காம்ஸ்டாக்கும் நீடமும் கூறினர். தட்டான் புழுவில் ஒரு குழாய் மற்றவற்றைக் குறுக்கே தாண்டிச் செல்கிறது. எனவே தட்டான் சிறகில் ஒரு முதன்மை நரம்பு தன் இடம் விட்டுத் தாண்டி வந்துள்ளது என்பது அவர்கள் முடிவு. டில்யார்டும் முதலில் அதை ஏற்றார். ஆனால் பழைய சிறகுகளில் அத்தகைய தாண்டலின் சுவடே இல்லை. மேடும் பள்ளமுமாக நரம்புகள் தத்தம் வரிசையிலேயே ஓடின. காற்றுக்குழாய் வசதியான வழியில் நுழையும்; அது நரம்பின் பிறப்பைக் காட்டாது என்று டில்யார்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தாமே முன்பு ஆதரித்த கொள்கையைக் கல்லின் சாட்சிக்காகக் கைவிட்டது அவர் பெருமை. தட்டான் குலத்தின் தோற்றம் பற்றிய அவருடைய கட்டுரை ஒன்று 1928இல் நம் கல்கத்தாப் பொருட்காட்சிச் சாலையின் வெளியீட்டிலேயே வந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

நண்பர் விட்டுச் சென்ற பணி

இப்புதிய விளக்கத்தின்படி தட்டான் குலம் முழுவதையும் மறுபடி வகைப்படுத்தும் வேலை எஞ்சியிருந்தது. அது முடியுமுன், 1937 ஜனவரியில், டில்யார்டு கார் விபத்தொன்றில் இறந்தார். முடிவுறாத எழுத்துகள் எஞ்சின.

அப்பணியைத் தோளில் ஏற்றவர் பிரேசர். டில்யார்டு, பிரேசர் இருவர் பெயரிலும் மூன்று பகுதிகளாக 1938 முதல் 1940 வரை ஆஸ்திரேலிய இதழில் அந்த மறுவகைப்பாடு வெளிவந்தது. போரின் தீ உலகைச் சூழ்ந்த ஆண்டுகள் அவை. இறந்த நண்பரின் பெயரை முதலில் வைத்துத் தம் பெயரை இரண்டாவதாக வைத்தார் பிரேசர். அதன்பின் மேலும் பதினேழு ஆண்டுகள் சிந்தித்து, 1957இல், தம் 77ஆம் வயதில், தம் பெயரிலேயே ஒரு முழு நூலை எழுதினார். நியூ சவுத் வேல்ஸ் ராயல் விலங்கியல் சங்கம் அதைச் சிட்னியில் வெளியிட்டது. பெர்மியன் காலத்துச் சிறு சிறகுகள் முதல் இன்றைய தட்டான்கள் வரை ஒரே குலமரமாக வரைந்து காட்ட முயன்ற நூல் அது.

அம்மரத்தின் கருத்து எளியது. பெர்மியன் கால முன்னோரிலிருந்து முதலில் ஊசித்தட்டான்கள் தோன்றின. அவற்றிலிருந்து படிப்படியாகப் பெருந்தட்டான்கள் வந்தன. இன்று வாழ்வனவற்றுள் எது மிகப் பழமையானது என்ற கேள்விக்குப் பிரேசர் தந்த விடை ஹெமிபிளீபியா. ஆஸ்திரேலியச் சதுப்பு நிலத்தில் வாழும், விரலளவுகூட இல்லாத, மின்னும் பச்சை நிற ஊசித்தட்டான் அது. அதன் சிறகில் நரம்புகள் மிகக் குறைவு. அந்த எளிமையைப் பிரேசர் பழமையின் அடையாளமாகக் கொண்டார்.

காலம் அளித்த தீர்ப்பு

எளிமை என்பது எப்போதும் பழமையா? இங்கேதான் சிறகைப் படிப்போருக்குப் பெரிய சோதனை.

ஒரு வீட்டில் பண்டம் பாத்திரம் குறைவாக இருந்தால், அவ்வீட்டார் முதலிலிருந்தே ஏழைகளா, வாழ்ந்து கெட்டவர்களா என்பதை வீட்டைப் பார்த்த அளவில் கூற முடியாது. சிறகும் அப்படியே. நரம்பு குறைவாக இருப்பது பழைய எளிமையாகவும் இருக்கலாம். பின்னாளில் உடல் சிறுத்தபோது நரம்புகளை இழந்ததாகவும் இருக்கலாம். பிரேசர் இதை அறியாதவர் அல்லர். அவர் 1922இல் பெயரிட்ட எஸ்மி, பில்லோநியூரா, மெலனோநியூரா ஆகியவற்றில், சிறகின் பின்னோரத்தை ஒட்டி ஓட வேண்டிய ஒரு நரம்பு ஏறக்குறைய மறைந்தே போயிருக்கிறது. இது இழப்பு என்பது தெளிவு. அமெரிக்கக் காடுகளிலும் இதே இழப்பைக் காட்டும் ஊசித்தட்டான்கள் உண்டு. ஆகவே நம் மலையின் வகைகளும் அமெரிக்க வகைகளும் ஒரே குடும்பம் என்று கொள்ளப்பட்டது.

பிரேசர் இறந்த பின் மரபணுவைப் படிக்கும் கலை வளர்ந்தது. 2014இல் ஊசித்தட்டான் குடும்பங்கள் ஏறக்குறைய அனைத்தையும் மரபணு வழியே சோதித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. அதன்படி அக்குடும்பம் கலைந்துபோயிற்று. அமெரிக்க வகைகள் ஒரு குடும்பத்தில் சேர்ந்தன. நம் மலைகளின் வகைகள் வேறொரு குடும்பத்தில் சேர்ந்தன. ஒரே நரம்பை இருவேறு குலங்கள், இருவேறு கண்டங்களில், தனித்தனியே இழந்திருக்கின்றன. ஹெமிபிளீபியாவும் பிரேசர் கருதியதுபோல் அனைத்துக்கும் மூலம் அன்று. ஊசித்தட்டான்களின் ஒரு கிளையைச் சேர்ந்ததே. ஊசித்தட்டான்களிலிருந்து பெருந்தட்டான்கள் வந்தன என்ற கருத்தும் நிலைக்கவில்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுச் சகோதரக் குலங்கள் என்பதே இன்றைய முடிவு.

அப்படியானால் பிரேசரின் உழைப்பு வீணா? அன்று. அவர் வரைந்த மரத்தின் கிளைகள் சில ஒடிந்தன. ஆனால் அம்மரத்துக்காக அவர் திரட்டிய இலைகள் ஒன்றும் உதிரவில்லை. அவர் விவரித்த சிறகு எப்படியிருந்தது என்று எழுதினாரோ அப்படியே இன்றும் இருக்கிறது. அவர் இனங்களைப் பிரித்து, விவரித்து, பெயரிட்டு வைத்ததனால்தான் பிற்காலத்தார் எதைச் சோதிப்பது என்று அறிந்தனர். ஒருவருடைய முடிவைத் திருத்துவதற்கு வேண்டிய சான்றுகளையும் அவரே விட்டுச் சென்றிருந்தால், அதுவே நேர்மையான ஆராய்ச்சிக்கு இலக்கணம்.

இதில் மற்றொரு பாடமும் உண்டு. தொல்லுயிரூழியின் கற்களில் மரபணு இல்லை. கல்லில் உள்ள சிறகை நாம் தவறாகப் படித்தால், அக்கல் நம்மைத் திருத்தாது. திருத்துவதற்கு உயிரோடு இருக்கும் சாட்சிகள் வேண்டும். ஹெமிபிளீபியா அழிந்தே போயிற்று என்று அஞ்சப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1985இல் ஆஸ்திரேலியாவின் வில்சன் முனையில் அது மீண்டும் காணப்பட்டது. காணப்படாமலே போயிருந்தால், சிறகின் எளிமை தந்த மயக்கத்தைத் தெளிவிக்க ஒரு பெரிய சாட்சி குறைந்திருக்கும்.

நாம் ஏற்க வேண்டிய பங்கு

முதுமையிலும் பிரேசர் ஓயவில்லை. பிரிட்டனின் தட்டான்களைப் பற்றி 1949இலும், நரம்புச் சிறகுடைய வேறு பூச்சிகளைப் பற்றி 1959இலும் மாணவருக்குப் பயன்படும் கையேடுகளை எழுதினார். 1963 மார்ச்சில், 83ஆம் வயதில், மறைந்தார்.

அவரைப் போற்றும்போது ஒரு குறையையும் மறைக்காமல் கூறுவது கடமை. அவர் அயலார் ஆட்சியின் அதிகாரி. அவர் பெயரிட்ட தென்னிந்திய இனங்களின் மூல மாதிரிகள் பெரும்பாலும் லண்டன் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன. பாலக்காட்டிலோ மூணாற்றிலோ பிறந்த மாணவன், தன் ஊர் ஓடையில் பிடித்த தட்டானை மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டுமானால் கடல் கடக்க வேண்டும். அல்லது அங்கிருந்து வரும் படத்தை நம்ப வேண்டும். காட்டு வழி நன்கறிந்த மலைமக்களின் துணையின்றி அந்நாளில் எந்த அதிகாரியும் அக்காடுகளில் நடந்திருக்க முடியாது. ஆயினும் இனங்களின் பெயர்களில் அதிகாரிகளின் பெயர்கள் உண்டு. வழிகாட்டியவர்களின் பெயர்களைக் காண்பது அரிது. பிரேசர் செய்த வேலையை நம்மவர் அன்றே செய்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் எழுவது இயல்பு. அந்த ஏக்கம் வெறும் பெருமூச்சாக முடிந்துவிடக் கூடாது.

ஏனெனில் வேலை முடிந்துவிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தட்டான் இனங்கள் இந்த நூற்றாண்டிலும் கண்டுபிடிக்கப்பட்டு வருகின்றன. அவற்றுக்குப் பெயரிடுவோர் இன்று நம் நாட்டவரே என்பது மகிழ்ச்சிக்குரியது. பிரேசர் ஒருமுறை கண்டு எழுதிய சில இனங்கள் பல பத்தாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்தன. அவர் நடந்த மலைச்சரிவுகளில் காட்டை அகற்றி அவர் காலத்திலேயே தேயிலை வைத்துவிட்டார்கள். அதன்பின் அணைகள் எழுந்தன, சாலைகள் எழுந்தன, ஓடும் நீர் தேங்கும் நீராயிற்று. நிழலும் குளிர்ந்த ஓட்டமும் இல்லாமல் வாழ முடியாத இனங்கள் அந்த ஓடையோடு போகும். வேறு ஓடைக்குக் குடிபெயர அவற்றுக்கு வலிமை இல்லை.

பெரிய கருவிகள் எதுவும் வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஆனைமலைப் பக்கமோ இடுக்கிப் பக்கமோ செல்லும் மாணவர், ஓடைக்கரையில் ஒரு மணி நேரம் நின்று, கண்ட தட்டானின் நிறத்தையும் இடத்தையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். கைக்கு வாய்த்தால் ஒரு படமும் எடுக்கலாம். உத்தியோகச் சுமையிடையே அந்த மருத்துவர் தொடங்கியதும் இவ்வாறுதான். முப்பது கோடி ஆண்டுகளின் கதையை எழுதப் புகுந்தவர், ஒரு நாளில் ஓர் ஓடையில் கண்டதைத் தவறின்றி எழுதுவதிலிருந்தே தொடங்கினார்.